உதட்டில் பார்த்த சூடு

பூங்கோதைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இன்னொருவர் எச்சில் அவள்மேல் பட்டதில்லை. முத்தம் இல்லை, ஊட்டிவிட்ட கவளம் இல்லை, தோழி பாதி கடித்துக் கொடுத்த கொய்யா இல்லை. அவள் இருந்த இடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்டுக்கொண்டு, "அப்படீங்களா" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

வெயில் தாங்கமாட்டாமல் ஊர்களுக்கெல்லாம் கூரை போட்டுவிட்ட காலம் அது. கோவையிலிருந்து திருப்பூர்வரை ஒரே கூரை. அதன் அடியில் விளக்கு, குளிர்ந்த காற்று, கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் இருந்தன. சூரியன் மட்டும் இல்லை. ஒரு தலைமுறை அப்படிப் போனதும், குளிர்நாட்டு வியாதி என்று நாம் அதிகம் கவலைப்படாமல் இருந்த ஒன்று வீடுவீடாக வந்து உட்கார்ந்துகொண்டது. புத்தகத்தில் அதற்குத் தண்டுவட மரப்பு நோய் என்று பெயர். ஜனங்கள் உறை நோய் என்றார்கள். ஒரு நாள் கண் மங்கும், பிறகு தெளியும். கால் மரத்துப்போகும், பிறகு சரியாகும். சரியாகிவிட்டது என்று சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவதற்குள் மறுபடி வரும்.

பூங்கோதையின் அம்மா சௌந்தரத்துக்கு அது மகள் பிறந்த கையோடு வந்தது. முதலில் விரல் நுனிகள் போயின, பிறகு ஒரு கண், பிறகு நடை. தன் உடம்பில் இருப்பது மகளுக்கும் இறங்கியிருக்குமோ என்ற பயத்திலேயே அந்த அம்மாளுக்குப் பாதி உயிர் போயிற்று. அந்தச் சமயத்தில்தான், எந்தக் குழந்தைக்கு நோய் வரக்கூடும் என்று ஜீனைப் படித்தே சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்து, அப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துக் காப்பாற்ற ஆதவன் காப்பகத்தைக் கட்டினார்கள். பூங்கோதை ஐந்து வயதில் பல்லடத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் காப்பகத்துக்குள் போனாள். இப்போது இருபத்தாறு.

உள்ளே எல்லாரும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார்கள். தட்டும் டம்ளரும் பெயர் பொறித்தவை. வேலைக்கு வருகிறவர்கள் முகமூடியைக் கழற்றமாட்டார்கள். காலையில் எல்லாரையும் வெயில் முற்றத்தில் உட்காரவைப்பார்கள். தலைக்குமேல் வடிகட்டும் கண்ணாடி, அதற்கும் மேலே ஆகாயம். ஊர்ப்பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்க்கும் ஆகாயத்தை அவள் நேரில் பார்த்து வளர்ந்தாள். மற்ற எதையும் நேரில் பார்க்கவில்லை. காப்பகத்துச் சிறுபிள்ளைகளுக்கு அவள்தான் இப்போது கணக்கு டீச்சர். ஒருவன் பென்சிலை வாயில் வைத்துவிட்டால் அந்தப் பென்சிலை இடுக்கியால் எடுத்து எரிக்கப் போடுவதும் அவள் வேலைதான்.

காப்பகத்து வாசலுக்குப் பூட்டு கிடையாது. யாரும் எப்போதும் போகலாம். போனவர்கள் திரும்பி வர முடியாது, அவ்வளவுதான். பூட்டிய கதவாக இருந்திருந்தால் அதைத் திட்டிக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பாள். இது திறந்தே கிடந்தது. தினமும் அதைக் கடந்து வகுப்புக்குப் போகும்போது, போகாமல் இருப்பது நீதான் என்று அது அவளைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கும். அவளுக்கு அந்தக் கதவைக் கண்டாலே ஆகாது.

வெளியுலகம் அவளுக்குத் தாமரையின் வாய்வழியாகத்தான் வந்தது. தாமரை அவள் தாய்மாமன் மகள், ஒத்த வயது. ஐந்து வயதுவரை இருவரும் ஒரே கூட்டுவீட்டில் வளர்ந்தவர்கள். தாமரையின் அம்மா கனகம் எச்சில் விஷயத்தில் மகா கண்டிப்பு. தன் மகளை யாரும் கொஞ்சி முத்தம் வைக்கக்கூடாது, யாரும் ஊட்டக்கூடாது, அவளுக்குத் தனி டம்ளர். கமர்கட்டைப் பங்கு போடுவதென்றால் பாவாடைத் துணியில் சுற்றிக் கடிக்கும் காக்காக் கடிதான். இத்தனை செய்தும் காப்பகத்தின் சோதனையில் தாமரைக்குக் 'காப்பு தேவையில்லை' என்று வந்தது. பூங்கோதைக்குத் 'தேவை' என்று வந்தது. காரணம் எதுவும் அந்த நாளில் பெற்றோருக்குச் சொல்லமாட்டார்கள். தாமரை வெளியே நின்றுகொண்டாள். காலேஜ், கலாட்டா, ஒருவனோடு காதல், அவனோடு சண்டை என்று எல்லாவற்றையும் வாரம் தவறாமல் திரையில் வந்து ஒப்பிப்பாள்.

போன வருடத்திலிருந்து அந்தப் பேச்சில் சுருதி இறங்கியிருந்தது. காலேஜில் கடைசி வருடம் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளாம். அதற்குப் பிறகு ஒருநாள் இடது கண்ணில் புகை படிந்ததுபோல் இருந்ததாம். இப்போது வலது கை விரல்களில் உறை போட்டுக்கொண்டு எழுதுகிற மாதிரி இருக்கிறதாம். மூன்று டாக்டர்களிடம் போயாயிற்று. மூவரும் சிறுவயதுப் பதிவைத் திரையில் பார்த்துவிட்டு, உனக்கு அந்த ஜீனே இல்லையம்மா, வீண் பயம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். தாமரை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லும்போது டம்ளரை இடது கையால் பிடித்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் சேந்தன் வந்து சேர்ந்தான். வெயில் முற்றத்துக் கண்ணாடிகளை மாற்ற வந்த மெக்கானிக். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தனை எப்படிப் பிடித்துப்போகும் என்று கேட்டால், பூங்கோதைக்கு எல்லா மனிதர்களும் கண்கள் மட்டும்தானே. ஒருநாள் பொருள் அனுப்பும் தட்டில் பாதிக் கமர்கட்டு ஒன்று வந்தது. துணி வைத்துக் கடித்ததுதான், எச்சில் படவில்லை என்று சைகையில் சத்தியம் செய்தான். அவள் அதை வாயில் போடவில்லை. பையிலேயே வைத்திருந்து, அது உருகிப் பிசுபிசுத்து, துணி துவைக்கிறவர்களிடம் பேச்சு வாங்கினாள்.

வேலை முடியப்போகும் சமயத்தில் சேந்தன் நேராக டாக்டர் ஹமீதாவிடம் போய்ப் பெண் கேட்டுவிட்டான். காப்பகத்து மூத்த டாக்டர் அவர். பெண் கேட்க வேண்டிய இடம் அதுவல்ல என்று அவனுக்கும் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பூங்கோதையை உட்காரவைத்துக்கொண்டே டாக்டர் அவனுக்கு விளக்கினார்.

"மூணு சாவி போட்டாத்தான் திறக்கிற பூட்டுன்னு வச்சுக்குங்க தம்பி. முதல் சாவி ஜீன். அது பிறக்கும்போதே வந்தது, மாத்த முடியாது. ரெண்டாவது, வெயில் படாம வளர்றது. அதுக்குத்தான் இந்த முற்றம். மூணாவது ஒரு கிருமி."

"அது யாருகிட்டீங்க இருக்குது?"

"உங்ககிட்ட, என்கிட்ட, தெருவுல போற அத்தனை பேர்கிட்டயும் இருக்கு. எச்சில்ல வாழும். கைக்குழந்தையில வந்துட்டா சளி மாதிரி வந்த சுவடே தெரியாது. உடம்பு அதோட சமாதானமாப் போயிடும். வளர்ந்தப்புறம் முதல்முதலா வந்தாத்தான் வம்பு. கிருமிய அடிக்கறேன்னு கிளம்பற உடம்பு, நரம்புமேல இருக்கிற உறையையும் சேர்த்து உரிச்சுப் போட்டுடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்."

தடுப்பூசி வரும் என்று சொல்கிறார்களே என்று சேந்தன் கேட்டான். அடுத்த வருடம் வரும் என்றுதான் சொல்கிறார்கள், நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த வருடமும் அப்படித்தான் சொன்னார்கள் என்றார் டாக்டர். கல்யாணத்தில் பாலும் பழமும்கூட வேண்டாம், தள்ளியே இருந்துகொள்கிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான். அதற்கு டாக்டர் கோபப்படவில்லை.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு எத்தனை நாளைக்குத் தம்பி தள்ளி இருப்பீங்க?"

விதிகளையும் ஒளிக்காமல் சொன்னார். பூங்கோதை தாராளமாகப் போகலாம். முறையாக விடைபெற்றுப் போனால் அவள் அம்மாவுக்குக் காப்பகம் மாதாமாதம் போடும் ஊசி நிற்காது. இங்கே பிள்ளையைக் கொடுத்த பெற்றோருக்கு அது ஆயுள் உரிமை. விதியை மீறினால் மட்டும்தான் நிறுத்துவார்கள். ஆனால் போனபிறகு பூங்கோதைக்கு என்ன வந்தாலும் காப்பகம் பொறுப்பேற்காது.

பூங்கோதை அன்று முழுக்க யோசித்தாள். யோசிக்க யோசிக்க அம்மாவின் கால்கள்தான் கண்முன் வந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் சக்கர நாற்காலியில் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும் கால்கள். துணியைச் சுருட்டி வைத்ததுபோல் மிதிகட்டையில் கிடக்கும். அவளுக்கு ஆசையைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வேண்டாம் என்று சேந்தனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, குளியலறைக்குள் போய் வாய்விட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமும் அதைத்தான் சொன்னாள். உன்னைப் போல் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னபிறகு, சொல்லியிருக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சௌந்தரம் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.  பிறகு நாற்காலியைக் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டுவந்து, ஒலிவாங்கியில் வாயை வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"நீ பயப்படாத அம்மிணி. அந்தக் கிருமி உனக்குக் கைக்குழந்தையிலயே வந்து போயிருச்சு."

பூங்கோதைக்குப் புரியவில்லை. சௌந்தரம் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து விரலும் மடங்கி, எதையோ பிடித்திருப்பதுபோலவே இருந்தன.

"எனக்கு மொதல்ல போனது விரலு நுனி. சூடு தெரியாது. உனக்கு மொதமொதல்ல பருப்புஞ்சோறு ஊட்டறப்ப நாக்கு வெந்துபோச்சு, அந்த அழுகை அழுத. அதுல இருந்து ஒவ்வொரு வாயையும் என்ற ஒதட்டுல வச்சுச் சூடு பாத்துத்தான் குடுத்தேன். ரெண்டு வருசம். அப்ப யாருக்குத் தெரியும் எச்சில்ல இத்தனை இருக்குதுன்னு?"

பூங்கோதைக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது. அப்படியென்றால் மூன்றாவது சாவி திரும்பி, கதவு திறக்காமலே போய்விட்டது. வெளியே போகலாம், சேந்தன் குடித்த டம்ளரில் குடிக்கலாம். அவள் எழுந்து கண்ணாடியில் இரண்டு கைகளையும் பதித்து, நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வருடாவருடம் சோதிக்கிறார்களே என்றும் கேட்டாள். கேட்டபோதே அவளுக்கு விடை தெரிந்தது. அந்தச் சோதனை ரத்தத்தில் கிருமி புதிதாக வந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எப்போதோ வந்துபோனதன் பழைய வடுவை யாரும் தேடியதில்லை. சுத்தமான குழந்தை என்று உள்ளே எடுத்தவளிடம் எதற்குத் தேட வேண்டும்?

அங்கேதான் அவள் மனம் இடறி நின்றது.

"கிருமி இருந்தா உள்ள சேக்கவே மாட்டாங்களேம்மா. அப்பக் குப்பியில துப்புனது யாரு?"

சௌந்தரம் குனிந்துகொண்டாள். அந்த நாளில் துப்புகிற குப்பியை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஜீனையும் கிருமியையும் ஒரே எச்சிலில் பார்த்துவிடுவார்கள். கனகத்துக்கு அந்த எழவையெல்லாம் தொடவே அருவருப்பு. நீயே இரண்டு பேருக்கும் எடுத்து அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கிருமி இருக்கிற குழந்தைக்கு இடமில்லை என்று சௌந்தரம் கேள்விப்பட்டிருந்தாள். ஜீனுக்கு அம்மாவின் நோயே அத்தாட்சி, எச்சிலில் கிருமியை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். தன் மகளின் வாய்க்குள் என்ன போயிருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? உள்ளே வெயில் உண்டு, வைத்தியம் உண்டு. எப்படியாவது மகளை உள்ளே தள்ளிவிட்டால் தன் கதி அவளுக்கு வராது என்று நம்பினாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் துப்பச் சொன்னாள். பெயர் மூடியில் இருந்தது. மூடியை மாற்றிப் போட்டாள்.

"தாமரைக்கும் அந்த ஜீனு இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. அண்ணனுக்கு ஒண்ணும் வரலியே, அந்தப் புள்ளைக்கு எங்கிருந்து வரும்னு இருந்துட்டேன். போன வருசம் கண்ணு மங்குதுன்னு அவ வந்து சொன்னப்பத்தான்..."

"போன வருசமே தெரிஞ்சுதா உனக்கு?"

"சொன்னா உன்னய வெளிய தள்ளிருவாங்க. எனக்கு ஊசி நின்னுரும். அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?" சௌந்தரம் அழுதாள். அழும்போதும் அந்த விரல்கள் கண்ணீரைத் துடைக்க உதவவில்லை. "நீ கல்யாணம் பண்ணிட்டு நல்லபடியா வெளிய வந்துரு சாமி. உனக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஒண்ண மட்டும் யாருகிட்டயும் சொல்லீராத."

நேரம் முடிந்து உதவியாள் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். பூங்கோதை வெயில் முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பந்தை வைத்துக்கொண்டு தனித்தனியாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அப்போதுதான் மிச்சமும் உறைத்தது. தாமரைக்கு ஜீனே இல்லை என்று மூன்று டாக்டர்கள் பதிவைப் பார்த்துச் சொன்னார்களே, அது தாமரையின் பதிவு இல்லை. அது இவள் எச்சில். ஜீன் இல்லாதது இவளுக்கு. முதல் சாவியே இல்லாத பூட்டுக்கு அம்மா இருபத்தோரு வருடம் காவல் போட்டிருக்கிறாள். காவல் வேண்டியவளை வெளியே நிறுத்தியிருக்கிறாள். யாரையாவது கடித்துக் குதறவேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்று மனம் கணக்குப் போட்டது. சேந்தனை இன்றைக்கே கூப்பிடலாம். அம்மாவுக்கு ஊசி தொடரும். மாமன் வீட்டில் யாரும் யாரையும் சபிக்கமாட்டார்கள். தாமரை மட்டும் நான்காவது டாக்டரிடம் போவாள்; அவரும் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்புவார். ஆரம்பத்திலேயே பிடித்தால் நோயைக் கட்டிப்போட மருந்து இருக்கிறது. ஆரம்பம் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால், அம்மாவின் மிச்சமிருக்கும் கையும் போகும். திறந்து கிடந்த அந்த வாசலைப் பார்த்தாள். இதுவரை அதில் வெளியே போகத்தான் பயந்தாள். இப்போது எந்தப் பக்கம் போனாலும் யாரையாவது மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு டாக்டர் ஹமீதாவிடம் போனாள். காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு குப்பி கேட்டாள். டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவர் எதிரிலேயே துப்பி, மூடியைத் தானே திருகி, அதில் தன் பெயரைத் தானே எழுதினாள்.

"இதுல ரெண்டையும் பாருங்க டாக்டரம்மா. ஜீனையும், பழைய வடுவையும். பாத்துட்டுத் தாமரையக் கூப்பிடுங்க. அவளை இனியும் காக்க வைக்காதீங்க."

பிறகுதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.  முடிவு அவள் சொன்னபடியே வந்தது. காப்பகத்தார் மானத்துக்குப் பயந்து போலீசுக்குப் போகவில்லை. ஆனால் சௌந்தரத்தின் ஊசியை அந்த மாதமே நிறுத்தினார்கள். அடுத்த சில மாதங்களில் அவள் இடது கையும் மடங்கிவிட்டது. பூங்கோதை காப்பகத்தை விட்டு வெளியே வந்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். நீ செய்தது சரிதான், அதை என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு நிற்காதே என்று சௌந்தரம் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சேந்தனை அவளே கூப்பிட்டனுப்பினாள்; கல்யாணம் கோயிலில் சுருக்கமாக நடந்தது. மாமன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாலும் பழமும் கொடுத்தார்கள். சேந்தன் பாதி குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கணம் தயங்கினான். பூங்கோதை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக் குடித்தாள். பாலில் சர்க்கரை அதிகம் போட்டிருந்தார்கள்.

தாமரை கோவையில் நரம்பு வார்டில் இருந்தாள். மருந்து வேலை செய்தது. கண் தெளிந்துவிட்டது, கால் தப்பித்தது. வலது கை விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. பூங்கோதை பார்க்கப் போனபோதெல்லாம் கனகம் வாசலிலேயே நிறுத்தி அனுப்பினாள். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைப் பூங்கோதை நின்று வாங்கிக்கொண்டாள். வேறு யார் வாங்குவார்கள்? கனகம் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் தாமரையே உள்ளே வரச் சொன்னாள்.

இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு கண்ணாடியோ திரையோ இல்லாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.  சாப்பாட்டுத் தட்டு வந்தது. ஆவி பறக்கும் ரசஞ்சோறு. தாமரை வலது கையை வைத்துப் பார்த்தாள். சூடு தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு தட்டைத் தள்ளினாள்.

பூங்கோதை தட்டை மடியில் எடுத்து வைத்துப் பிசைந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு கவளத்தை எடுத்து, கை தானாகவே மேலே போய், தன் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்தது. ஊதினாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு நீட்டினாள்.

தாமரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, மென்று விழுங்கினாள்.

"இதை எனக்கு யாராச்சும் அப்பவே பண்ணியிருக்கலாம் புள்ள," என்றாள்.

 பூங்கோதை அடுத்த கவளத்தை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.